சொன்னால் கேட்காத நாய்

மணி எங்கள் வீட்டுக்கு வரும்போதே ஒரு பட்டத்தோடுதான் வந்தான்: சொன்னால் கேட்காத நாய். நங்கநல்லூரில் எங்கள் அபார்ட்மென்டின் மாடியில் குடியிருந்த குடும்பம் வேலை மாற்றலாகி வடக்கே கிளம்பியபோது கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் லாரியில் ஏறின, நாய் ஏறவில்லை. "அங்க ஃபிளாட்ல வெச்சுக்க விட மாட்டாங்க ஆன்ட்டி. எங்கயாவது விட்டுடுங்க. எப்படியும் இவன் சொல்பேச்சு கேட்கிற ஜாதி இல்ல" என்றாள் அந்தப் பெண். மாடு கட்டுகிற கனத்தில் ஓர் இரும்புச் சங்கிலி, பாதி தீர்ந்த தீனி மூட்டை, மணி. மூன்றையும் படிக்கட்டுக்குக் கீழே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

என் கணவருக்கு நாய் வேண்டாம். ரிட்டயர் ஆன பிறகு காலையில் யார் தொந்தரவும் இல்லாமல் பேப்பர் படிப்பதுதான் அவருக்கு வாழ்க்கை. "ப்ளூ கிராஸுக்குப் போன் பண்ணு" என்றார். அங்கே ஏற்கெனவே இருக்கிற கூட்டம் போதாதா, நாலு நாள் பார்க்கலாம் என்றேன் நான்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மணி ராஜபாளையம். நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். மலையடிவாரத்தில் தாத்தாவுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. அதற்குக் காவல் ராஜபாளையம் நாய்கள். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண், ஒட்டிய வயிறு. 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையத்துக்கு. ஊர்ப் பாசத்தில் வாங்கி வைத்தது இன்னும் என் டைரியில் இருக்கிறது. தோப்புக் காவல்காரர் அந்த நாய்களை அடித்து நான் பார்த்ததில்லை. கூப்பிட்டதும் வந்தால் மடியிலிருந்து ஒரு கம்பஞ்சோற்று உருண்டை எடுத்துப் போடுவார். வராவிட்டால் பேசாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் தானாக வரும். "அடிச்சு வளத்த நாயி, திருடனப் பாத்தாலும் வாலக் காலுக்குள்ளதான் வைக்கும், பாப்பா" என்பார்.

மணி வாலைக் காலுக்குள் வைத்துக்கொள்கிற நாயாகத்தான் இருந்தான். அதுவும் துடைப்பத்தைக் கண்டால். வேலைக்கு வரும் அம்மா துடைப்பத்தை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவதற்குள் அவன் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்வான், இருந்த இடத்திலேயே நனைத்துவிடுவான். மாடியில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மேலே அவர்கள் போடுகிற சத்தம் எங்களுக்கும் கேட்டதுதான்: "மணி! கூப்பிடறது காதுல விழலையா? திமிரு!"

விழவில்லைதான்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ட்ரங்க் கால் காலத்து ஆள். எதிர்முனையில் பதில் வரவில்லை என்றால் அந்த ஆள் முறைத்துக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் முடிவு கட்ட மாட்டோம். முதலில் லைன் இருக்கிறதா என்று பார்ப்போம். அந்தப் பழக்கம்தான் உதவியது. கார்ப்பரேஷன் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது தெருவில் இருக்கிற அத்தனை நாயும் சேர்ந்து ஊளையிடும், மணி தூங்கிக்கொண்டிருப்பான். குக்கர் விசில் அடிக்கும்; காது மடல் அசையாது. ஆனால் தண்ணி லாரி தெருமுனை திரும்பினால் எழுந்து உட்காருவான். அது சத்தத்துக்கு எழுந்ததில்லை, தரை அதிர்ந்ததற்கு எழுந்தது. ஒரு நாள் அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது பின்னால் தள்ளி நின்று பூஜை மணியை அடித்தேன். பிறகு கணவர் சமையலறைக்குள்ளிருந்து தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினார். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். மணி திரும்பவில்லை.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. காலை வேளையில் ஆடு, பூனை, கிளிக்கூண்டு என்று வரிசை நிற்கும். டாக்டர் காதுக்குள் பார்த்தார். சீழ் இல்லை, அழுக்கு இல்லை. எங்களைப் போலவே பின்னால் நின்று ஒரு சோதனையும் செய்தார். "வெள்ளை நாய்ங்கள்ல இது புதுசு இல்லம்மா" என்றார். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களுக்கு உட்காதிலும் ஒரு வேலை இருக்கிறது. அவை அங்கே இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை வாங்குகிற செல்கள் செத்துப்போகும். டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். சிலதுக்கு ஒரு காது மட்டும் போகும். அப்படிப்பட்ட நாயை யாரும் கண்டுபிடிப்பதில்லை, அதையும் இனப்பெருக்கத்துக்கு விட்டுவிடுவார்கள். ராஜபாளையம் என்றால் மாசு மறுவில்லாத வெள்ளைதான் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள், விற்கிறவர்களும் அதற்கேற்ற நாய்களையே ஜோடி சேர்ப்பார்கள். "இவனுக்குக் கருத்தடை செஞ்சிடுங்க" என்றும் டாக்டர் சொன்னார். செய்தோம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். கேட்காத காதுக்காக மூன்று வருஷம் அடி வாங்கியிருக்கிறான். இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லையா என்று பார்த்தால், இருக்கிறது. 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதற்கான முதல் முயற்சியை மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். மிருகத்தை அடிப்பது, குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது, கட்டிப்போட்ட நாயை நடக்கக் கூட்டிப் போகாமல் இருப்பது, தகுந்த காரணம் இல்லாமல் கைவிடுவது எல்லாமே அதில் குற்றம். முதல் தடவை செய்தால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. எங்கள் தெருமுனையில் இரண்டு காபி குடித்தால் அதைவிட அதிகம் ஆகும்.

பழக்குவதற்கு ஆள் வைக்கலாம் என்று அபார்ட்மென்ட்காரர்கள் ஒருவரைச் சொன்னார்கள். வந்தார். தோளில் ஒரு பை. அதற்குள் கழுத்தை இறுக்குகிற சங்கிலி, உள்பக்கம் பல் வைத்த ஒரு காலர். "மேடம், நாய் ஓநாய்லேர்ந்து வந்தது. கூட்டத்துல தலைவன் யாருன்னு அதுக்குக் காட்டணும். ரெண்டு இழுப்பு இழுத்தா வழிக்கு வந்துடும்" என்றார். காது கேட்காது என்றேன். "அப்ப இன்னும் வசதி. கழுத்துதான் காது" என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவர் சொன்னதை அவராக இட்டுக்கட்டவில்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தில் மிருகக்காட்சிசாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய கருத்து அது. அதை உலகம் முழுக்கப் பரப்பியதில் அமெரிக்கர் டேவிட் மீச் 1970-ல் எழுதிய புத்தகத்துக்குப் பெரிய பங்கு. அதே மீச் பல வருஷம் காட்டு ஓநாய்களோடு அலைந்த பிறகு, 1999-ல் வேறு விதமாக எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள், அங்கே சண்டை போட்டுத் தலைமைப் பதவிக்கு வருகிறவர் யாரும் இல்லை. தன் பழைய புத்தகத்தை இனிமேல் அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரைக் கேட்டுக்கொண்டவரும் அவர்தான். சங்கிலி ஆசாமிகளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எங்களுக்கு வாத்தியார் கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் வந்தாள். என் மகள். அவள் அந்த வாரம் முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அம்மா, டால்பினை எப்படிப் பழக்கறாங்க, யோசிச்சுப் பாரு. அடிக்க முடியாது, சங்கிலி போட முடியாது. பிடிக்கலேன்னா நீந்திப் போயிட்டே இருக்கும்" என்றாள். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் என்ற அம்மா, 1984-ல் எழுதிய புத்தகத்தில் அந்த முறையைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டார். டால்பின் சரியாகச் செய்த அந்தக் கணத்தில் ஒரு விசில். விசில் வந்தால் மீன் வரும். விசில்தான் சீட்டு, மீன் சம்பளம். நாய்க்காரர்கள் விசிலுக்குப் பதில் டிக் டிக் என்று சத்தம் போடும் சின்ன டப்பி வைத்திருப்பார்கள். மணிக்கு இரண்டும் பிரயோஜனமில்லை. அதனால் எங்கள் சீட்டு கட்டைவிரல்.

முதல் பாடம் இதுதான். கோழி ஈரலை உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்து, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி டப்பாவில் வைத்துக்கொண்டேன். கட்டைவிரலை உயர்த்து, ஈரல் கொடு. உயர்த்து, கொடு. அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த நாளே கட்டைவிரல் எழும்பியதும் அவன் வால் ஆட ஆரம்பித்தது. அப்புறம் பாடம் மாறியது: என் முகத்தைப் பார்த்தால் மட்டும் கட்டைவிரல். காது கேட்கும் நாயைப் பெயர் சொல்லித் திருப்பலாம். இவன் நம்மைப் பார்த்தால்தான் நாம் பேசவே முடியும். ஆகவே நம்மைப் பார்ப்பது லாபமான காரியம் என்று அவனுக்குப் பட வேண்டும். ஒரு வாரம் போனது. கடைக்குப் போகும் வழியில், தெருவில், மாடு நிற்கும் இடத்தில் எல்லாம் பத்தடிக்கு ஒரு தரம் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிற நாயாகிவிட்டான். அந்தப் பார்வைக்கு இன்றைக்கும் சம்பளம் உண்டு. எல்லாத் தடவையும் இல்லை, எப்போது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாதபடி. ஈரல் சேர்ந்ததால் சோற்றை அதற்கேற்பக் குறைத்தோம்.

'வா' என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது. மகள் வீடியோவில் பார்த்தபடி உள்ளங்கையை மேலே காட்டி விரலை மடக்கினாள். என் கணவர் நம் ஊர் வழக்கப்படி உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை ஆட்டினார். வேலைக்கார அம்மா தொடையைத் தட்டினார். மணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான். கடைசியில் உள்ளங்கை கீழே என்று முடிவானது; தெருவில் தவறிப் போனாலும் யாராவது நம் ஊர்க்காரர் அப்படித்தான் கூப்பிடுவார். உட்கார், படு, போதும், வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் ஒரே மாதிரி கை அசைவு என்று சமையலறைக் கதவில் எழுதி ஒட்டினேன். நாயைச் சம்பளம் கொடுத்துப் பழக்குவது சுலபம். ஆனால் நான்கு பெரியவர்களை ஒரே கை அசைவுக்குப் பழக்க எதைக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

துடைப்பத்துக்கு வருவோம். ஹாலின் ஒரு கோடியில் துடைப்பத்தைப் படுக்க வைத்தோம். யாரும் அதைத் தொடவில்லை. மறு கோடியில் வாசற்படிக்கு வெளியே மணி, பக்கத்தில் நான், மடியில் ஈரல் டப்பா. அவன் துடைப்பத்தைப் பார்த்தான், ஈரல். திரும்பவும் பார்த்தான், ஈரல். துடைப்பம் கண்ணில் பட்டால் நல்லது நடக்கும், அவ்வளவுதான் அன்றைய பாடம். மறுநாள் ஓரடி கிட்டே. உதட்டை நக்கினாலோ, சம்பந்தமில்லாமல் கொட்டாவி விட்டாலோ, காது பின்னுக்குப் போனாலோ கிட்டே வந்தது அதிகம் என்று அர்த்தம். எதுவும் சொல்லாமல் தூரத்தைக் கூட்டிவிட வேண்டும். வேலைக்கார அம்மாவுக்கு இதெல்லாம் பார்த்துச் சிரிப்பு. "தொடப்பத்தப் பாத்ததுக்கு ஈரலா? எங்க வீட்டுக்காரருக்கே நான் ஈரல் ஆக்கிப் போட்டது இல்ல" என்றார். ஆனால் துடைப்பத்தைக் கையில் எடுக்கும் கட்டம் வந்தபோது அவர்தான் பொறுமையாக நின்றார். எடுப்பார், நான் கொடுப்பேன், வைப்பார், நிறுத்திவிடுவேன். பிறகு ஒரே ஒரு பெருக்கு. பிறகு இரண்டு. ஒரு காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், அவர் பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருக்கிறார், மணி துடைப்பத்துக்குப் பின்னாலேயே நடந்து அதன் நுனியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். "இப்ப இவன்தான் எனக்கு எடஞ்சலு" என்றார் அந்த அம்மா.

தூங்குகிற மணியை எழுப்புவதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் கேட்காத நாயைத் திடீரென்று தொட்டால் திடுக்கிட்டு வாயை வைத்துவிடும். அது கோபத்தில் கடிப்பது இல்லை, ஆனால் பல் பல்தான். முதலில் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி வாசனை போக விடுவேன். அப்புறம் தோளில் மெதுவாக ஒரு தொடல். கண் திறந்ததும் ஈரல். தொட்டு எழுப்புகிறவர்கள் தின்னக் கொடுக்கிறவர்கள் என்று அவனுக்கு ஆகிவிட்டது. அப்படியும் பேரப்பிள்ளைகளுக்குக் கண்டிப்பான சட்டம்: தூங்கும்போதும் தின்னும்போதும் கிட்டே போகக் கூடாது. இரவில் தோட்டத்திலிருந்து கூப்பிட வாசல் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம். சங்கிலி இல்லாமல் கேட்டைத் தாண்டி விட்டதே இல்லை. பின்னால் வரும் பைக்கின் ஹார்ன் அவனுக்கு இல்லை அல்லவா? கழுத்துப் பட்டையில் 'எனக்குக் காது கேட்காது' என்று எழுதி, போன் நம்பரும் போட்டிருக்கிறோம்.

அன்பாகப் பழக்குவது என்றால் செல்லம் கொடுப்பது என்று நினைக்கிறவர்கள் நிறைய. வந்தவர்கள் மேல் மணி தாவிக்கொண்டிருந்தான். அடிக்கவில்லை, கொஞ்சவும் இல்லை; தாவினால் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும், நான்கு காலும் தரையில் இருந்தால்தான் கவனிப்பு. கவனிப்பு கிடைக்காத வித்தையை எந்த நாயும் ரொம்ப நாள் செய்வதில்லை. நடுவில் பரிதாபப்பட்டுத் தடவிக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் இப்போது பேப்பர் படிக்கும்போது மணியின் தலை அவர் பாதத்தின் மேல் இருக்கும்.

2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதற்கு அடுத்த நாள் எங்கள் தெருவில் மணியைப் பார்த்த பார்வையே வேறு. நாய் வளர்ப்பவர்கள் இந்த மாதிரி நேரத்தில் 'எங்க நாய் ஒண்ணும் செய்யாது' என்று சொல்லிக் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. என் நாய் ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம். எதிரே குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பயப்படலாம். எதிர்ப்பக்கம் மாறிப் போக வேண்டியது நான்தான். லிஃப்டில் யாராவது இருந்தால் அடுத்த தடவைக்குக் காத்திருப்பேன். வாய்மூடியையும் ஈரல் கொடுத்தே பழக்கினோம். உள்ளே ஒரு துண்டைப் போட்டால் அவனே மூக்கை நுழைத்துக்கொள்வான். பேப்பரும் பையும் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. அவன் போட்டதை நான்தான் அள்ளுவேன், கூச்சம் ஒன்றும் இல்லை. மாநகராட்சி உரிமம் எடுத்திருக்கிறோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அதைத் தர மாட்டார்கள், அதுதான் நியாயம்.

தடுப்பூசி விஷயத்தில் என்னிடம் யாரும் வாயைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. சின்ன வயதில் ஊரில் நாய் கடித்தால் கடிவாயில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்புவார்கள். தொப்புளைச் சுற்றிப் போடுகிற பதினாலு ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் இருந்தார்கள். இப்போது அந்த ஊசி இல்லை, கையில் போடுகிற ஊசிதான். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. உலகில் மனிதர்களுக்கு இந்த நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால்தான். வருஷத்துக்கு ஒரு ஊசியை நாய்க்குப் போடச் சோம்பல்படுகிறவர்கள் நாய் வளர்க்கக் கூடாது.

மற்றபடி மணியால் எங்களுக்கு லாபமும் உண்டு. தீபாவளிக்கு மற்ற வீட்டு நாய்கள் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்க, இவன் ஹால் நடுவில் மல்லாந்து தூங்குவான். தெருவில் ஆட்டம் பாம் வெடித்தால் மட்டும் தரை அதிர்ந்து ஒரு கண்ணைத் திறப்பான். பண்டிகை நாளில் நாங்கள் பயப்படுவது பாயசத்துக்குத்தான். அதில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். பேரன் கையிலிருக்கும் சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது, வெங்காயமும் ஆகாது.

எங்கள் ஊர்ப் பக்கம் ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் எனக்குப் போன் செய்து கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். தாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். குட்டிகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது உங்கள் நிழலோ, காற்றோ, கால் அதிர்வோ படாத தூரத்தில் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். எது திரும்பவில்லை என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்தக் குட்டியைத் தனியாகவும் ஒரு தரம் சோதியுங்கள். ஒரு காது கேட்கிற குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும், ஆகவே டாக்டரிடமும் காட்டுங்கள். காது கேட்காத குட்டியை வளர்க்க முடியும், ஆனால் தெரிந்து வாங்குங்கள், அதிலிருந்து இன்னொரு குட்டி எடுக்காதீர்கள். வெள்ளை நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். வீடு மாறும்போது லாரியில் இடம் இருக்குமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.